இரண்டு பாட்டுக்காரர்களும் ஒரு கரும்புத் தொட்டிலும்

தொட்டிலில் பிள்ளை தூங்கிவிட்டான். பாட்டு நின்றுவிட்டது.

கரும்பின் முன்முனை என் தோளில் இருந்தது. பின்முனை என் வீட்டுக்காரர் தோளில். நடுவில் கட்டிய மஞ்சள் சேலைக்குள் எங்கள் மகன். நான் முன்னால் பார்த்து நடக்கிறவள். பின்னால் வரும் குரலை வைத்துத்தான் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். குரல் நின்றதும் திரும்பினேன். பின்முனையை என் தம்பி குணா தாங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா எங்கடா?"

"பின்னாடி போயிருக்காருக்கா. 'கொஞ்சம் புடிடா'ன்னாரு. நான் புடிச்சேன். ஓடிட்டாரு."

எதற்கு ஓடினார், யாரிடம் ஓடினார் என்று கேட்கத் தேவைப்படவில்லை. தார் ரோட்டுச் சூடு உள்ளங்காலில் ஏறியது.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்த கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். படித்துவிட்டு தைப்பிங்கிலிருந்து ஓர் அக்கா போன் போட்டார். "வேண்டிக்கிட்டேன்னு எழுதுனியே, அத எப்படி முடிச்சே, சொல்லவே இல்லையே?" என்று கேட்டார். முடித்தோம் அக்கா. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் பொறாமையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சாமி காரியத்தில் பாதியை மறைக்கக் கூடாது.

நான் வேண்டிக்கொண்டது

எங்கள் ஊரில் பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கரும்புத் தொட்டில் வேண்டிக்கொள்வது வழக்கம். பிள்ளை பிறந்த பிறகு, தைப்பூசத்தன்று, கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டு, பெற்றவர்கள் ஆளுக்கொரு முனையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு நடப்பார்கள். தொட்டில் வழியில் தரையைத் தொடக் கூடாது.

நான் அதோடு ஒன்று சேர்த்து வேண்டினேன். "முருகா, பிள்ளை தங்கினால் அவன் அப்பா வழி முழுக்கப் பாடிக்கொண்டே உன் குகைக் கோவிலுக்குக் கொண்டுவருவார்."

அவர் பாட வேண்டும் என்று ஏன் சேர்த்தேன்? பக்தி பாதி. மீதிப் பாதி, ஈப்போவே ரோட்டில் நிற்கும் அந்த ஒரு நாளில் என் புருஷனின் குரலை எல்லாரும் கேட்கட்டும் என்ற ஆசை. கேட்டுவிட்டு, "இவரு அந்த முனீஷோட ஒண்ணா பாடினவராச்சே, இவரு ஏன் பெரிய ஆளா வரல?" என்று யாராவது ஒருவர் நினைத்தால்கூடப் போதும்.

இடிமழை

முனீஷ் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிற பாடகர், பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் முனியாண்டியாக இருந்தவர். என் வீட்டுக்காரரை ஊர் மணியம் என்று கூப்பிடும். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். இன்னும் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். பெயர் 'இடிமழை'.

முனியாண்டி அண்ணன் முதல் குரல். இவர் கிட்டாரும் இரண்டாவது குரலும்.

அப்போது நான் இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண். தோட்டத்து மண்டபத்தில் அவர்கள் கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்டினால் எங்கள் லயத்து விளக்குகள் மஞ்சளாகச் சுருங்கும். "ஆரம்பிச்சிட்டானுங்கடா பேய்ப் பசங்க" என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திட்டு வரும். முதல் நாள் சத்தம் கேட்டு, அடிதடி என்று நினைத்துக் கங்காணி கம்போடு ஓடி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று கடைசிவரை கேட்டுவிட்டு, "முடிய வெட்டுங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவர் ஓர் அடியோ இரண்டு அடியோ பாடுவார். மற்றவர் அடுத்த அடியைப் பிடிப்பார். யார் எங்கே விடுகிறார், யார் எங்கே எடுக்கிறார் என்று தெரியாது. கயிறு இழுக்கிற மாதிரி இருக்கும்.

அந்த மண்டபம் இன்றைக்கும் நிற்கிறது. தோட்டம்தான் இல்லை. பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பாதி இடத்தில் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. மண்டபத்தின் ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, சூப்புக்கு விற்கும் குருவிக்கூடு வளர்க்கிறார்கள். குருவியை வரவைக்க நாள் முழுக்க ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் போடுகிறார்கள். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். "நம்ம ஸ்பீக்கரவிட நல்லா இருக்குலா" என்றார்.

ஒரு குரல் போதும்

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். சிடி போடுகிறவர். இரண்டு பேரும் பாடியதைக் கேட்டார். "ரெண்டு குரல் வேணாம். விக்கிறதுக்கு ஒரு மொகம், ஒரு குரல் போதும்" என்றார். யார் என்பதை உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் வந்த காடியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் பேசவே இல்லையாம். "இவன கூட்டிட்டுப் போங்க" என்று என் வீட்டுக்காரர் உடனே சொல்லிவிட்டார். முனியாண்டி அண்ணன், "நீயும் வாடா, கிட்டாருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தாராம். இவர் போகவில்லை.

அந்த வாரம்தான் எங்களுக்குப் பரிசம் போடுவதாக இருந்தது. "ஒனக்காகத்தான்டி நின்னுட்டான்" என்று தோட்டத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியை நகை மாதிரி இத்தனை வருஷம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெரிய ஆளாக வரவில்லை. ஆனால் எனக்காக நின்றார். இந்தக் கணக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

முழுக்கப் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்த்தால்

ஒப்பிடக் கூடாது என்று கோவிலில் சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் பாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு, அவருடைய பழைய கூட்டாளியின் பாட்டைப் பாசா சந்தையில் மீன் வாங்கும்போது கேட்டதில்லை.

முனீஷ் அண்ணனின் முதல் பாட்டு ரேடியோவில் வந்த வாரம், என் வீட்டுக்காரர் ஒரு பிறந்தநாள் வீட்டில் பாடிக்கொண்டிருந்தார். கேக் வெட்டுவதற்காகப் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். திரும்பப் பாடச் சொல்ல மறந்துவிட்டார்கள். கிட்டாரைப் பிடித்தபடியே நின்றிருந்துவிட்டு, ஒரு துண்டு கேக்கோடு வீட்டுக்கு வந்தார். "கேக்கு நல்லாருக்கு, சாப்பிடு" என்றார்.

அண்ணன் டிவியில் நடுவராக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மார்க் போட்டபோது இவர் பேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும் நேப்பாளத்துப் பையன்கள் இவரைப் பாடச் சொல்லிக் கைதட்டுவார்களாம். "நமக்கு வெளிநாட்டு ரசிகருங்கலா" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அவர் படம் கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் வீட்டு உயரத்துக்கு நிற்கிறது. இவர் படம் ஒரு திருவிழா பேனரில் வந்தது. மேலே அன்னதானத்துக்கு உதவிய கோழி வியாபாரியின் படம், பக்கத்தில் அவர் கோழியின் படம், கீழே இவர். கோழி இவரைவிடப் பெரிது.

அண்ணனின் மனைவியை ஒரே ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நல்ல பெண்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஹஸ்பெண்ட் இன்னும் பாடுறாரா?" என்று கேட்டார். அந்த 'இன்னும்' என் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டது. எத்தனை உருண்டைச் சோறு விழுங்கினாலும் இறங்கவில்லை.

இதில் கூத்து என்னவென்றால் இவருக்குப் பொறாமையே கிடையாது. ரேடியோவில் அண்ணன் பாட்டு வந்தால் ஓடி வந்து சத்தத்தைக் கூட்டுவார். "இந்த எடத்த பய எப்படி புடிச்சிருக்கான் பாரு!" நான் கரண்டியை வைத்துவிட்டு வந்து குறைப்பேன். பாட்டு முடிவதற்குள் எங்கள் இரண்டு பேர் கையிலும் அந்தத் திருகு படாத பாடு படும்.

ஒன்றே ஒன்றில்தான் எங்கள் பக்கம் கனமாக இருந்தது. தைப்பூசத்தில் காவடிக்குப் பாடுவது. அதற்கு மைக் கிடையாது. உறுமி மேளத்துக்கு மேலே குரல் போக வேண்டும். காவடி எடுக்கிறவரோடு சேர்ந்து பாடுகிறவரும் விரதம் இருக்க வேண்டும். பாட்டில் உயிர் இருந்தால்தான் காவடிக்காரருக்கு அருள் வரும். வந்த அருள் மலைவரை நிற்கும். ஈப்போவில் புந்தோங், சிலிபின் பக்கத்து ஆட்கள் "மணியம் அண்ணே பாடுனா காவடி ஒக்காராது" என்பார்கள். முனீஷ் அண்ணன் காவடிக்குப் பாடியதே இல்லை. இது நான் மட்டும் கொண்டாடிய வெற்றி.

அதிலும் கை வைக்க அவர் வந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் முனீஷ்

தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம். சிலிபினில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய காடி நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அதே நேரத்தில் துணி எடுக்க வெளியே வந்தார்கள். இறங்கியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கோப்பி ஓ இருந்தா குடும்மா. சீனி வேணாம்."

சட்டைக் காலருக்கு மேலே தொண்டையில் ஒரு தழும்பு. என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார்.

"என்னடா இது?"

"கட்டி மச்சான். வெட்டி எடுத்துட்டாங்க. கொரலு வந்தாலும் வரும், வராமலும் போகும்னு சொல்லிட்டாங்க. படுத்துக்கிட்டே வேண்டிக்கிட்டேன். முருகா, கொரலக் குடு, பாடுற நாக்குலயே வேல் குத்திக்கிட்டு வாரேன்னு. குடுத்துட்டான்."

"எங்கிட்டகூட சொல்லலையேடா."

"யாருக்கும் சொல்லலலா. வெளிய தெரிஞ்சா ஷோவுக்கு யாரு கூப்பிடுவா?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை. அடுத்த வார்த்தை வரும்வரை இருந்தது.

"காவடி ஈப்போவுலதான் எடுக்குறேன் மச்சான். நீ பாடணும்."

நான் பால் இல்லாத கோப்பியைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தேன். "அண்ணே, உங்ககிட்டதான் பெரிய குரூப்பு இருக்கே."

"மேளத்துக்கு இருக்கு தங்கச்சி. பாடுறதுக்கு இவன்தான்."

"இந்த வருஷம் இவரு புள்ளைக்குப் பாடுறாரு. தொட்டில் தூக்குறோம். நேத்திக்கடன்."

அண்ணன் முகம் சட்டென்று இறங்கியது. "அப்ப வேணாம்மா, சாமி காரியம்" என்று எழப்போனார். அவர் போயிருப்பார். என் வீட்டுக்காரர்தான் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"ஒரே ரோடு, ஒரே நாளு. முன்னால புள்ள, பின்னால காவடி. நடுவுல நான். பாடிட்டாப் போச்சு."

"ஏங்க, ஒங்க வாய ரெண்டு சாமி கடனுக்குக் குடுக்குறீங்களே, தாங்குமா?"

"ரெண்டும் ஒரே சாமிதானே புள்ள."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே தோட்டத்துச் சிரிப்பு. நான் சமையலறைக்குப் போய், கழுவிய குவளையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

காடி போன பிறகு கேட்டேன். "எதுக்கு சரின்னு சொன்னீங்க?"

"அவன் இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்றார்.

எதிர்ப் பக்கம் நடந்தவள்

இவ்வளவும் சொன்னால்தான் ரோட்டில் நான் நின்ற நிலை உங்களுக்குப் புரியும்.

காலையில் புந்தோங்கிலிருந்து கிளம்பியபோது எல்லாம் அவர் சொன்ன மாதிரியே நடந்தது. எங்களுக்குப் பின்னால் நாக்கில் வேலும் தோளில் மயிலிறகுக் காவடியுமாக முனீஷ் அண்ணன். அவரைச் சுற்றி கோலாலம்பூர் மேளக்காரர்கள், எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. நடுவில் இவர் பாடினார். பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டான்.

ஆனால் காவடி ஆடும், சுற்றும், இரண்டு அடி முன்னால் போய் ஓர் அடி பின்னால் வரும். தொட்டில் அப்படி நிற்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் பிள்ளையை மலையடிக்குக் கொண்டுபோக வேண்டும். இடைவெளி கூடிக்கொண்டே போனது. இவர் குரலும் எங்களுக்குப் பாதி, பின்பக்கம் பாதி என்று திரும்பித் திரும்பிப் போனது. அப்புறம்தான் நான் முதலில் சொன்னது நடந்தது. பாட்டு நின்றது. கரும்பைத் தம்பி பிடித்திருந்தான்.

என் முனையைத் தம்பி மனைவி மாலாவிடம் கொடுத்தேன். "அந்தத் தண்ணிப் பந்தல் நிழல்ல நில்லுங்க. கீழ வெச்சிராதீங்க" என்றேன்.

"எங்க அண்ணி போறீங்க?"

"ஒங்க அண்ணன இழுத்துக்கிட்டு வாரேன்."

அந்த ரோட்டில் ஆயிரம் பேர் ஒரு பக்கம் நடக்க, நான் ஒருத்தி எதிர்ப் பக்கம் நடந்தேன். பால்குடத்துப் பெண்கள் விலகினார்கள். ஒரு சீனப் பெரியவர் தன் கடை வாசலில் நின்று, நடக்கிறவர்கள் கால் சுடாமல் இருக்க ரப்பர் குழாயால் ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "அம்மா, கோவில் அங்கே" என்று தமிழிலேயே சொல்லிக் கையைக் காட்டினார். நான் அதே வேகத்தில் அவரைத் தாண்டிப் போனேன்.

நடந்துகொண்டே மனசுக்குள் வார்த்தைகளைத் தீட்டினேன். 'பதினாலு வருஷம் தவமிருந்து பெத்த புள்ள அங்க தொங்குறான், ஒங்களுக்குக் கூட்டாளி பெருசாப் போச்சா?' இதை எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறேன். அந்த மஞ்சள் சட்டைகள் முன்னால் கேட்கப்போகிறேன்.

அந்த இடம்

விளக்குக் கம்பத்துச் சந்திப்புக்குக் கொஞ்சம் தள்ளி முனீஷ் அண்ணன் மண்டி போட்டிருந்தார்.

காவடி தரையைத் தொட்டால் வேண்டுதல் நடு ரோட்டில் முறிந்தது என்று அர்த்தம். நாலு பேர் அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் அண்ணனுடைய பிரபலமான பாட்டையே உறுமியில் அடித்துப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். திருநீறு போட்டார்கள். அவர் எழவில்லை. கண்ணைப் பார்த்தேன். அருள் போய்விட்டது. அந்த இடத்தில் பயம் இருந்தது. நாக்கில் வேல் இருப்பதால் "முருகா" என்று கூப்பிடக்கூட முடியாமல், எச்சில் நெஞ்சில் வழிய, வீட்டு உயரத்துக்குப் படம் வைத்த மனுஷன் தாரில் முட்டி தேய உட்கார்ந்திருந்தார்.

"கழட்டிடலாம்ண்ணே, முடியாது" என்றான் மேளக்காரன் ஒருவன்.

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தச் சொன்னார். அண்ணனுக்கு எதிரே தானும் மண்டி போட்டார். பாடினார்.

புதுப் பாட்டு ஒன்றும் இல்லை. எல்லாக் காவடிக்கும் பாடுகிற பாட்டுதான். மயிலையும் மலையையும் கூப்பிடுகிற பாட்டு. ஆனால் அந்தக் குரலை நான் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை. மண்டபத்து விளக்கு சுருங்குமே, அந்த நாட்களின் குரல். கூட்டம் அடங்கிவிட்டது.

இரண்டாவது அடி முடிந்ததும் நிறுத்தினார். மூன்றாவது அடியைப் பாடவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

வேல் குத்திய வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. வார்த்தை இல்லை. மெட்டு மட்டும். மூன்றாவது அடியின் மெட்டு, சுருதி விலகாமல்.

இவர் நாலாவது அடியை எடுத்தார். அண்ணனின் ஒரு முட்டி தரையிலிருந்து எழுந்தது.

அந்த நிறுத்தம் எனக்குப் புதிதில்லை. பஸ் கழுவும்போது பாடினாலும், வெள்ளிக்கிழமை கூட்டுப்பிரார்த்தனையில் பாடினாலும், இரண்டு அடிக்கு ஒருமுறை இப்படி நிறுத்துவார். மூச்சு வாங்குகிறது, பாவம் என்று நினைத்தேன். ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சுச் சளிக்கு எண்ணெய் தடவிவிட்டேன். பிள்ளைக்குத் தாலாட்டு பாடும்போதும் நிறுத்துவார். எந்த மருந்துக்கும் அது போகவில்லை.

மூச்சாக இருந்தால்தானே போகும். அது இன்னொருவர் வந்து பாடுவதற்காக விட்டு வைத்திருக்கும் இடம். கல்யாணமான நாளிலிருந்து என் காதுக்குப் பாடிய ஒவ்வொரு பாட்டிலும் அந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். அது எனக்கான இடம் இல்லை.

முனீஷ் அண்ணனுக்குக் கிடைத்ததையெல்லாம் பார்த்து இத்தனை வருஷம் என் புருஷனுக்காகப் பொறாமைப்பட்டேன். அந்தச் சந்திப்பில்தான் முதல்முறையாக எனக்காகப் பொறாமைப்பட்டேன்.

தீட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் வாயில்தான் இருந்தன. கூப்பிட்டிருந்தால் இவர் வந்திருப்பார். பாதிப் பாட்டில் விட்டுவிட்டு, முகம் சுளிக்காமல் வந்திருப்பார். ஒருமுறை அப்படி நின்றவர்தானே. அவர் வந்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் என்னால் கூப்பிட முடியவில்லை. அந்தக் காவடி விழுந்தால் அந்தப் பாவம் எங்கள் தொட்டிலில் வந்து விழும்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், வீடியோவுல வர்றீங்க" என்றாள் போன் பிடித்த ஒரு பெண். தள்ளி நின்றேன். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

"மாமா வரலையா?" என்றான் தம்பி.

"காவடி வருது. வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறோம்."

"வெயில் அடிக்குதுக்கா, புள்ளைக்கு…"

"நிக்கிறோம்னு சொன்னேன்."

நின்றோம். பந்தலில் இருந்தவர்கள் மோர் கொடுத்தார்கள். மாலா சேலைத் தலைப்பால் பிள்ளைக்கு விசிறினாள். குரல் முதலில் வந்தது, பிறகு மயிலிறகு தெரிந்தது. காவடி எங்களை நெருங்கியதும் இவர் எதுவும் பேசாமல் தம்பி தோளிலிருந்து கரும்பை வாங்கிக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை. பிள்ளை விழித்து அழப்போய், குரலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அங்கிருந்து குகைவரை தொட்டிலும் காவடியும் ஒரே நடையில் போயின. வேண்டிக்கொண்டபடி என் பிள்ளையை அவன் அப்பா பாடிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு அடிக்கு ஒருமுறை பின்னாலிருந்து அந்த முனகலும் வந்துகொண்டே இருந்தது. நான் முன்னால் பார்த்து நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் காலுக்கு வெந்நீர் ஊற்றும்போது கேட்டேன். "பாடும்போது அந்த எடத்துல ஏன் நிறுத்துறீங்க?"

"எந்த எடத்துல?"

"ரெண்டு அடி முடிஞ்சு."

யோசித்தார். பாடிப் பார்த்தார். இரண்டு அடி பாடினார், நிறுத்தினார், அப்புறம் நாலாவது அடியை எடுத்தார். "எங்க நிறுத்துறேன்? நேராத்தானே போவுது" என்றார்.

நான் அடுத்த செம்பு வெந்நீரை ஊற்றினேன்.

இடும்பன் பூசை

காவடி எடுத்தவர்கள் இடும்பன் பூசை போட்டுத்தான் விரதத்தை முடிப்பார்கள். அண்ணனுக்கு இப்போது ஈப்போவில் வீடு இல்லை. "தங்கச்சி, இங்கயே வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். நானே சமைத்தேன். சாமிக்கு வைத்த பிறகு எல்லாருக்கும் இலை போட்டேன். நாக்கு வீங்கியிருந்ததால் அவருக்கு மட்டும் தயிர் விட்டுக் குழைத்த சோறு. சின்னப்பிள்ளை மாதிரி சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து, நாக்கு தடிக்கத் தடிக்கச் சொன்னார். "தங்கச்சி, கோலாலம்பூர்ல ஒரு ஷோ இருக்கு. மச்சானும் நானும். அந்தக் காலத்து மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து."

என் வீட்டுக்காரர் பிள்ளையின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்ட பொத்தானைக் கழற்றித் திரும்பப் போட்டார். ஆசை எவ்வளவு இருந்தது என்று அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது.

"போஸ்டர்ல யாரு பேரு மேல வரும்?" என்று கேட்டேன்.

"ஏய்!" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க. அண்ணே, நீங்க சொல்லுங்க."

"மச்சான் பேரையே மேல போட்டுடலாம்மா."

"மேலயும் வேணாம், கீழயும் வேணாம். பக்கத்துல போடுங்க. எழுத்து ஒரே அளவு."

"ஒரே அளவு" என்று அண்ணன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். யார் தலை என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலை.

ஷோ இந்த மாதக் கடைசியில். கறுப்புச் சட்டை வாங்கி வைத்துவிட்டேன். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியிருக்கிறார். முன்வரிசையில் எனக்கும் பிள்ளைக்கும் இடம் போட்டிருக்கிறார்களாம்.

இரண்டு அடி பாடிவிட்டு இவர் நிறுத்துவார். இந்த முறை அங்கே வேல் இருக்காது. பக்கத்திலிருந்து முனீஷ் அண்ணனின் குரல் முழுசாக வந்து அந்த இடத்தில் உட்காரும். மண்டபமே எழுந்து கைதட்டும். நானும் தட்டுவேன். தட்டத்தான் வேண்டும்.

தினமும் விளக்கேற்றும்போது முருகனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரியாக அந்த நேரத்தில் பிள்ளை அழ வேண்டும். அவனைத் தூக்கிக்கொண்டு நான் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வருவேன்.